கோபோக் கிழங்கும் இசாவோ சொன்ன பொய்யும்

நவம்பர் 8

என் தங்கை புருஷன் இசாவோ என்னைப் பற்றிப் பொய் சொன்னான். போன பிப்ரவரியில் அவன் வீட்டு விருந்தில் கோபோக் கிழங்கு தின்ற மூன்று பேர் புத்தி பிசகி விழுந்தார்கள். கிழங்கோடு ஊமத்தை வேர் கலந்திருந்தது என்று சுகாதார அலுவலகத்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கிழங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "பத்தலைன்னு மச்சான்கிட்ட கேட்டேன், அவர்தான் ஒரு கட்டு குடுத்தார்" என்றான். இந்த ஊரில் ஊமத்தை நிற்பது என் வயல் ஓரத்தில் மட்டும்தான். என் மனைவி சாயோ இருந்தபோது பூவுக்காக நட்டது. ஆகவே எல்லாரும் நம்பினார்கள்.

நான் கொடுக்கவில்லை. ஒரு கட்டு என்ன, ஒரு கிழங்கின் வால்கூடக் கொடுக்கவில்லை. இதை முதலில் எழுதிவைக்கிறேன், பிறகு மற்றது.

இன்று ஊர்ச் சபை கூடியது. வரும் பிப்ரவரி பதினேழாம் தேதி கோபோ விருந்து என் வீட்டு முறை. இசாவோ வீட்டுக்கு அடுத்தது என் வீடு, எப்போதும் அப்படித்தான். முப்பது வீட்டுக்கும் சுற்றி வர முப்பது வருஷம் ஆகும். போன முறை என் அப்பா விருந்து வைத்தபோது நான் தலையில் முடியோடு கோபோ இடித்தேன். எனக்கு இப்போது எழுபத்தேழு. சபைத் தலைவர் மியாகே எழுந்து, இருமி, "தொகிசோ அண்ணே, இந்த வருஷம் உங்க வீட்டைத் தாண்டிடலாம்னு எல்லாருக்கும் அபிப்பிராயம்" என்றார். எல்லாருக்கும் என்றால் யாருக்கு என்று கேட்டேன். எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். இசாவோவும் பார்த்தான். அந்தப் பாயில் என்ன எழுதியிருந்ததோ.

விருந்து மியாகே வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த முறை வரும்போது நான் மண்ணுக்குள், கோபோவுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

நவம்பர் 9

அவனை விடப் போவதில்லை.

நவம்பர் 15

மேல் வயலில் கோபோ தோண்டினேன். ஒரு ஆள் இடுப்பளவு பள்ளம் பக்கத்தில் வெட்டி, மண்ணை அந்தப் பள்ளத்துக்குள் சரித்து, கிழங்கைப் பக்கவாட்டில் விடுவிக்க வேண்டும். மேலிருந்து இழுத்தால் பாதியில் ஒடியும். நேராக, கறுப்பாக, என் கை நீளத்துக்கு மேல் வந்தன. இந்த நிலத்தில் போன வருஷம் சோளம், அதற்கு முன் அவரை. கோபோ போட்ட மண்ணில் மறுபடி கோபோ போடக் கூடாது. ஐந்து வருஷமாவது மண்ணை விட வேண்டும். இதை இசாவோவிடம் அவன் வரப்பிலேயே நின்று சொன்னேன். மூன்றாம் வருஷமாக அதே நிலத்தில் விதைத்துக்கொண்டிருந்தான். "மண்ணுக்கு என்ன மச்சான் ஞாபகமா இருக்கப் போகுது" என்று சிரித்தான்.

முன்பெல்லாம் நவம்பரில் என் வாசலில் ஆள் நிற்பார்கள். தொண்டை கட்டினால் கோபோவைத் துருவிப் பிழிந்த சாறு. கொப்பளிப்பதற்கு, விழுங்குவதற்கு அல்ல. மலச்சிக்கலுக்கு வறுத்த கோபோத் தேநீர். கட்டிக்கு விதைக் கஷாயம். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. விதைப் பொட்டலத்தின் முதுகில் இருப்பதைப் படித்தேன், தபாலில் வந்த மூலிகைப் புத்தகங்களைப் படித்தேன். மீதியை என் நாக்கிலும் என் வயிற்றிலும் சோதித்தேன். இப்போது யாரும் வருவதில்லை. இன்று மியாகேயின் மனைவி பேருந்துக்குக் காத்திருந்தாள், நகரத்து மருந்துக்கடைக்கு. இருமல் கேட்டது. என்னைக் கண்டதும் குடையைச் சாய்த்துக்கொண்டாள். மழை இல்லை.

இருமட்டும்.

நவம்பர் 23

ஒழுங்காக எழுத வேண்டும்.

பிப்ரவரிக்குப் பிறகு கீழ் வயல் ஓரத்துக்கு நான் போகவே இல்லை. சாயோவின் ஊமத்தைச் செடிகள் அங்கே. பார்க்கப் பிடிக்கவில்லை. களை என் தோளுக்கு வளர்ந்தது, வளரட்டும் என்று விட்டேன். இன்று அறுத்தேன். மூன்று செடி இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது நின்ற இடத்தில் பள்ளம். அது எனக்குத் தெரிந்த பள்ளம்தான். ஏப்ரலில் பனி உருகியதும் தூரத்திலிருந்து பார்த்து, காட்டுப் பன்றி கிளறியிருக்கிறது என்று நினைத்தேன். பன்றி இப்படியா வெட்டும்? ஒரு பக்கச் சுவர் நேராக, குறுகலாக. கோபோ மண்வெட்டி வெட்டிய வெட்டு. நான் கைவிட்டுத் தோண்டிப் பார்த்தேன். ஊமத்தைக்கு ஒரு முழம் தள்ளி, போன வருஷக் கோபோவின் அடித்துண்டுகள் வரிசையாக மண்ணுக்குள் அழுகி நிற்கின்றன. மேலிருந்து இழுத்திருக்கிறான். அவசரத்தில்.

இத்தனை மாதமும் நான் தப்பாக நினைத்திருந்தேன். சாயோ எப்போதோ என் தங்கை ஃபுமியேவுக்கு ஊமத்தை விதை கொடுத்திருப்பாள், அது அவன் தோட்டத்திலேயே முளைத்திருக்கும், தன் பிழையை என் தலையில் கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். இல்லை. அவன் என் வயலுக்கு வந்திருக்கிறான். பெரும்பனி விழுவதற்கு முன், அந்தி இருட்டில். இலை பட்டுப்போன காலத்தில் இரண்டும் ஒரே மாதிரி காய்ந்த குச்சிதான். குச்சியைப் பிடித்து வெட்டிக்கொண்டே போயிருக்கிறான். வரிசை முடிந்தது தெரியவில்லை.

விருந்து வைக்கும் வீடு தன் மண்ணில் விளைந்த கோபோவைத்தான் போட வேண்டும். குறைந்தால் உறவினரிடம் கேட்டு வாங்கலாம், அதைச் சொல்லிவிட்டுப் பரிமாறலாம். சின்ன வெட்கம், அவ்வளவுதான். திருடிப் போட்டதாக இந்தக் குருமிதானி ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

திருடன். என் தங்கையைக் கட்டியவன் திருடன்.

நவம்பர் 24

நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 2

மியாகேயிடம் போனேன். பள்ளத்தை வந்து பாருங்கள் என்றேன். தேநீர் ஊற்றினார். பள்ளத்துக்கு வாய் இல்லையே அண்ணே என்றார். வெட்டியது இசாவோ என்பதற்கு யார் சாட்சி என்றார். பத்து மாதம் கழித்துத் திருட்டு என்று சொன்னால் ஊர் என்ன நினைக்கும் என்றார். கடைசியில் அந்தப் பேச்சு வந்தது, வரும் என்று எனக்குத் தெரியும். "மச்சானும் மாப்பிள்ளையும் அடிச்சுக்கறதுல ஊர் எதுக்கு? ஃபுமியே முகத்துக்காகவாவது விடக்கூடாதா?"

ஃபுமியே முகம். விழுந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி. ஓண்டாக் கிழவர், அவர் மருமகன், என் தங்கை. அவள்தான் மூன்று நாள் தெளியவில்லை. கண்ணின் கருமணி முழுக்க விரிந்து, செத்துப்போன எங்கள் அம்மாவோடு பேசிக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் இசாவோ வெளியே நின்று என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தேநீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வறுத்த கோபோத் தேநீர்தான், கடையில் வாங்கியது. கருகல் வாசம்.

டிசம்பர் 4

கீழ் வயலில் பலகை நட்டேன். பெரிய எழுத்தில்: "இங்கே விளைந்தது கோபோ. ஓரத்தில் நிற்பது ஊமத்தை. திருட வருகிறவர்கள் பகலில் வரவும்."

டிசம்பர் 7

கூட்டுறவுக் கடையில் இசாவோ. பத்துப் பேர் இருந்தார்கள். சோயா சாஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ன மச்சான், வயல்ல பலகை எல்லாம் பெரிசா இருக்கு?" என்றான்.

"எழுத்து சின்னதா இருந்தா இருட்டுல தெரியாதே மாப்பிள்ளை."

யாரோ சிரித்துவிட்டு இருமலாக்கினார்கள். இசாவோவின் காது சிவந்தது. பாட்டிலை வைத்துவிட்டுப் போனான். சோயா சாஸ் இல்லாமல் இன்று என்ன சமைத்தார்களோ.

டிசம்பர் 19

நல்ல வெயில். கோபோ காய வைத்தேன். தோலை உரிக்கக் கூடாது. வாசமும் மருந்தும் தோலுக்கு அடியில்தான். கத்தியின் முதுகால் மண்ணை மட்டும் சுரண்ட வேண்டும். பிறகு பென்சில் சீவுவதுபோலக் கிழங்கைச் சுழற்றிச் சுழற்றிச் சீவ வேண்டும். சமையலுக்கென்றால் சீவல் நேராகத் தண்ணீரில் விழும், தண்ணீர் பழுப்பாகும். அதிக நேரம் ஊறப்போடுகிறவள் கோபோவைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையைச் சமைக்கிறாள். தேநீருக்குத் தண்ணீரே கூடாது. அப்படியே சல்லடையில் பரப்பி, கையில் எடுத்தால் சலசலக்கும்வரை காயவிட்டு, இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் வறுக்க வேண்டும். சின்னத் தீ. வாசம் மண்ணிலிருந்து கொட்டைக்கு மாறும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும்.

விதையையும் புடைத்து வைத்தேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இசாவோவின் கழுத்தில் கட்டி வரும். சின்ன வயதிலிருந்தே. ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் விதைக் கஷாயத்துக்குப் பொட்டலம் கட்டி, கழுவுவதற்கு வேர் கொதிக்கவைத்த தண்ணீரும் பாட்டிலில் ஊற்றி ஃபுமியேவிடம் கொடுத்தனுப்புவேன். என் கையால் சுண்டக் காய்ச்சியது.

இந்த வருஷம் இல்லை. பாட்டில்களைக் கவிழ்த்து அடுக்கிவிட்டேன். அவன் கழுத்தில் வரட்டும். முதுகில் வரட்டும். உட்காரும் இடத்திலும் வரட்டும்.

ஜனவரி 3

புத்தாண்டு. கோபோவை வேகவைத்துத் தட்டி எள்ளில் புரட்டினேன், தனியாகத் தின்றேன். வேர் ஆழமாகப் போவதுபோல வீடும் நிலைக்கட்டும் என்று தின்பது. ஃபுமியே வரவில்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அவள் வராத முதல் புத்தாண்டு.

அவளும் அவன் பக்கம்தான். எழுதிவிட்டேன். இனி அழிக்க மாட்டேன்.

ஜனவரி 14

இசாவோவைப் பாலத்தில் பார்த்தேன். கழுத்தைச் சுற்றித் துண்டு. தலையைத் திருப்ப முடியவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது என் பக்கம் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு போனான். வாழ்க்கையில் முதல்முறையாக நேராகப் போகிறான்.

வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் சாகே குடித்தேன்.

ஜனவரி 19

ஃபுமியே வந்தாள்.

வாசலில் பனியைத் தட்டிவிட்டு நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. கட்டிக்கு மருந்து வேண்டுமென்றால் கிடையாது என்றேன். "டாக்டர் கீறிவிட்டுட்டார் அண்ணா. மருந்துக்கு வரலை" என்றாள். தானே உள்ளே வந்து அடுப்பண்டை உட்கார்ந்தாள்.

பலகையை எடுக்கச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பள்ளத்தைப் பற்றி நான் ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்தினாள்.

"தெரியும். அவர் திருடிட்டு வந்தது அன்னிக்கே தெரியும்."

அவள் சொன்னதை வரிசையாக எழுதிவைக்கிறேன். விருந்துக்குப் பத்து நாள் முன்பு இசாவோ தன் கோபோவைத் தோண்டிப் பார்த்திருக்கிறான். ஒன்றுகூட நேராக இல்லை. ஆக்டோபஸ் காலாகப் பிரிந்து, பாதி அழுகல். மூன்றாம் வருஷ மண். அன்று சாயங்காலம் மண்வெட்டியோடு போனான், இருட்டியபின் ஒரு கட்டு கோபோவோடு வந்தான். எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை. உடைந்த கிழங்குகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

சுரண்டி வெட்டியது அவள். அதில் சிலது வெட்டிய இடம் கறுக்கவில்லை. வெள்ளையாகவே இருந்தது. மண்வாசம் இல்லை. இசாவோவிடம் போய் இது கோபோ மாதிரி இல்லையே என்று சொல்லியிருக்கிறாள். ஆட்கள் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். அவன், "மச்சான் வயல்ல வேற என்ன இருக்கும், இடி" என்றானாம்.

அவள் இடிப்பதற்கு முன் வெள்ளையான துண்டுகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பொறுக்கித் தனியாக வைத்தாள். பொறுக்காமல் விட்டவை ஓண்டாவுக்கும் மருமகனுக்கும் போயின. பொறுக்கியதை —

விருந்துக் கோபோவில் ஒரு துண்டும் எறியக் கூடாது. அது இந்த ஊர் வழக்கம். சுரண்டிய தோல்கூட வயலுக்குத்தான் திரும்பும். மிஞ்சியதை அடுப்படியில் பெண்கள் தின்று தீர்க்க வேண்டும்.

"நீ தின்னியா?"

"வேற யாருக்குக் குடுக்கறது அண்ணா? கசந்தது. மிசோ விழுது நெறய போட்டுக்கிட்டேன்."

என்கிட்ட ஏன்டி சொல்லலை என்று கத்தினேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவள் கத்தவில்லை. "சொன்னா என்ன பண்ணியிருப்பே? இப்ப பண்றதைத்தானே பண்ணியிருப்பே. பலகை கொஞ்சம் முன்னாடி வந்திருக்கும்" என்றாள்.

போகும்போது, இன்னும் அந்தியில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். அது ஊமத்தையாலா, வயதாலா, தெரியவில்லையாம். டாக்டருக்கும் தெரியவில்லையாம்.

ஜனவரி 20

தின்றிருக்கிறாள். எறியக் கூடாது என்பதற்காக.

ஜனவரி 22

என்னால் மூன்று நாளாக வேறு எதையும் நினைக்க முடியவில்லை. திருட்டு சின்ன விஷயமாகிவிட்டது. பொய்கூட. "இடி" என்றானே, அந்த ஒரு சொல். அவன் அப்போது எறி என்று சொல்லியிருந்தால் அவள் எறிந்திருப்பாள். வழக்கத்தை மீற ஆம்பிளை ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்த கிழவன்கள் எவரும் அடுப்படியில் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்றவர்கள் இல்லை. நானும் இத்தனை வருஷம் பாயில்தான் உட்கார்ந்தேன்.

அவனுக்கு அடி கொடுத்தால் போதாது. ஊர் முன்னால் அவன் வாயாலேயே வர வேண்டும்.

ஜனவரி 27

இசாவோ வீட்டுக்குப் போனேன். கழுத்தில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தான். ஃபுமியே சமையலறையில் இருந்தாள், கதவு திறந்திருந்தது.

எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். மறுக்கவில்லை. கழுத்துக் கட்டைத் தடவிக்கொண்டு, "முப்பது வீட்டு ஆளுங்க வரப்போறாங்க மச்சான். என் கெழங்கைப் பாத்திருந்தா..." என்று நிறுத்தினான். என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன்.

"உங்ககிட்டயா? கேட்டிருந்தா சாகற வரைக்கும் சொல்லிக்காட்டியிருப்பீங்க."

ஆமாம், சொல்லிக்காட்டியிருப்பேன். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் சொல்லியிருப்பேன். அதற்காக அவன் திருடலாமா?

பதினேழாம் தேதி மியாகே வீட்டு விருந்தில், எல்லார் முன்னிலும், நீயே சொல் என்றேன். முடியாது என்றான். பிள்ளைகள் நகரத்தில் வேலையில் இருக்கிறார்கள், பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள், இந்த வயதில் திருடன் என்று பெயர் வாங்கச் சொல்கிறீர்களா என்றான். நான் விஷம் வைத்தவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேனே, அது எந்த வயதில் என்றேன்.

அப்படியானால் நானே வந்து சொல்கிறேன் என்றேன். "சொல்லுங்க. நம்பறாங்களான்னு பாப்போம்" என்றான். இத்தனைக்கும் பிறகு அந்தச் சொல்.

சமையலறையில் கத்தி பலகையில் படும் சத்தம் நின்றுபோயிருந்தது.

பிப்ரவரி 5

பனி. என்ன பேசுவது என்று அடுப்பின் முன் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வசவில் முடிகிறது.

பிப்ரவரி 16

மியாகே ஆள் அனுப்பினார். நான் வரலாமாம், கடைசி வரிசையில் ஒரு இடம் போட்டிருக்கிறார்களாம், தயவுசெய்து தகராறு வேண்டாமாம். கடைசி வரிசை. வருகிறேன், பாயில் உட்கார மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன்.

பிப்ரவரி 17

நடந்ததை நடந்தபடி.

மியாகே வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கமும் வரிசையாக ஆண்கள், கறுப்பு உடுப்பில். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். கடைசி வரிசையில் எனக்குப் போட்ட இடம் காலியாகக் கிடந்தது. அதன் முன்னால் கிண்ணம் மட்டும் குவித்து வைத்திருந்தார்கள். மியாகே வீட்டுக் கோபோ கொஞ்சம் நார், ஆனால் நேர்மையான கோபோ. இடித்து, மிசோவில் பிசைந்து, மலைபோல.

முதல் கிண்ணம் முடியும்வரை யாரும் பேசக் கூடாது. மெல்லும் சத்தம் மட்டும் கேட்கும். அது முடிந்ததும் விருந்து வைத்தவர் பேசுவார், பிறகு யாரும் பேசலாம். அதற்காகக் காத்திருந்தேன்.

பாதிக் கிண்ணம் ஆகியிருக்கும். அடுப்படித் திரை விலகியது. ஃபுமியே. உதவிக்கு வந்த பெண்களோடு உள்ளே இருந்திருக்கிறாள். ஏப்ரனை அவிழ்த்து அடுப்படி வாசலில் மடித்து வைத்துவிட்டு, கூடத்துக்குள் காலை வைத்தாள்.

பெண்கள் அந்தப் பாயில் ஏறியதில்லை. எத்தனை தலைமுறையோ. மியாகேயின் கண் பிதுங்கியது. ஆனால் முதல் கிண்ணம். வாயைத் திறக்க முடியாது. யாராலும் முடியாது. முப்பது ஆம்பிளையும் வாய் நிறையக் கோபோவோடு அவளைப் பார்த்துக்கொண்டு மென்றார்கள்.

அவள் வரிசையின் நடுவில் நடந்து போய், எனக்குப் போட்ட இடத்தில் உட்கார்ந்தாள். கை கூப்பினாள். என் கிண்ணத்தை எடுத்தாள். எதிர் வரிசையில் இசாவோ. அவனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். கண்ணை எடுக்கவில்லை.

நான் தயார் செய்திருந்த பேச்சு முழுக்க எனக்கு மறந்துபோனது.

இசாவோ மெல்லுவதை நிறுத்தினான். அவன் கிண்ணம் முடியவில்லை, யார் கிண்ணமும் முடியவில்லை. சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தான். அந்தச் சத்தமே எல்லாரையும் திரும்பவைத்தது.

"மச்சான் குடுக்கலை" என்றான். எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னான். "கோபோ மச்சான் குடுக்கலை. நான் ராத்திரி போயி அவர் வயல்ல திருடினேன். ஊமத்தையையும் சேத்துத் தோண்டிட்டேன். இவ சொன்னா, இது கோபோ இல்லைன்னு. நான்தான் இடிக்கச் சொன்னேன்."

பாயில் நெற்றி பட விழுந்தான். கட்டுப்போட்ட கழுத்தோடு. வலித்திருக்கும். நான் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன்.

ஓண்டாக் கிழவர்தான் முதலில் பேசினார். "ரெண்டு நாள் ஆஸ்பத்திரி சுவத்துல எறும்பு பொறுக்கினேன்டா நான். ஒரு எறும்பு இல்லை அங்கே." மருமகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

ஃபுமியே கடைசி வாயை விழுங்கி, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மியாகே வாசற்படிக்கு வந்து என் முன் குனிந்தார். பெரிய தவறு நடந்துவிட்டது அண்ணே, அடுத்த வருஷ விருந்து உங்க வீட்டில் என்றார். அடுத்த வருஷமா என்று கேட்டேன். என் வயலில் இன்னும் இரண்டு வரிசை கோபோ மண்ணுக்குள் இருக்கிறது. துளிர்விட்டால் நார். மார்ச் இரண்டாம் ஞாயிறு, என் வீட்டில் என்றேன். ஒரே வருஷத்தில் இரண்டு விருந்து இதுவரை நடந்ததே இல்லை என்று பின்னாலிருந்து ஒருவன் முனகினான்.

"திருட்டுக் கோபோ விருந்தும்தான் இதுவரைக்கும் நடந்ததில்லை" என்றேன்.



பிப்ரவரி 18

மன்னித்தேனா என்று காலையில் மியாகேயின் மனைவி கேட்டாள். தொண்டைக்குச் சாறு வாங்க வந்திருந்தாள். இல்லை என்று சொல்லிச் சாற்றைக் கொடுத்தேன்.

மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குச் செய்ய வேண்டியவை:

இசாவோ — எல்லா வீட்டுக்கும் நடந்து போய் அழைக்க வேண்டும். ஏன் இரண்டாவது விருந்து என்று ஒவ்வொரு வாசலிலும் முழுதாகச் சொல்ல வேண்டும். பாதி சொன்னால் அந்த வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும்.

இசாவோ — என் வயலில் கோபோ தோண்ட வேண்டும். பகலில். ஒன்றும் ஒடியக் கூடாது. ஒடிந்தால் அடித்துண்டையும் எடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கோபோவைக் கட்டாகக் கட்டி முதுகில் சுமந்து கடைத்தெரு வழியாக வர வேண்டும். பின்வழி கிடையாது.

மியாகே — சுகாதார அலுவலகத்துக்குப் போய், நான் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வர வேண்டும். இடிக்கும் பலகையையும் சுத்தியையும் தன் கையால் என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

மியாகேயின் மனைவி, குடையைச் சாய்த்த மற்றவர்கள் — சுரண்டுவது. கத்தியின் முதுகால். தோல் உரிக்கிறவளை வெளியே அனுப்பிவிடுவேன்.

ஓண்டாக் கிழவர் — இடிப்பது. அவருக்கு எதையாவது அடிக்க உரிமை உண்டு. கை வலித்தால் மருமகன்.

நான் — ஒவ்வொரு கிழங்கையும் வெட்டி, வெட்டிய இடம் கறுக்கும்வரை பார்த்து, முகர்ந்து, அதற்குப் பிறகுதான் பலகையில் போட விட வேண்டும். முதல் வாய் நான். எனக்கு முன் யார் வாய்க்கும் போகக் கூடாது. சந்தேகப்பட்டதை எறிய வேண்டும், எல்லாரும் பார்க்க எறிய வேண்டும். அடுப்படியில் மிச்சம் தின்பது என் வீட்டில் கிடையாது. பாயில் பெண்களுக்கும் வரிசை. மாட்டேன் என்கிறவன் தன் வீட்டில் இருக்கட்டும்.

ஃபுமியே — ஒன்றும் செய்யக் கூடாது. கத்தியைத் தொடக் கூடாது. என் வலப்பக்கம் உட்கார வேண்டும்.

இசாவோ — அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவள் முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் மெதுவாகச் சாப்பிடுகிறவள்.